ஜன்னல் மூலையும் ஆமைப் பெட்டியும்

என் வீட்டுக்காரியை இந்தக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் வார்டில் தலை நரைக்கும்வரை நர்ஸாக நின்றவள். இப்போது ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டாள், பட்டம் மட்டும் போகவில்லை. என்னையே 'சிஸ்டர் வீட்டுக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் இந்த ஊரில் பாதிப் பேரை பஸ்ஸில் ஏற்றி இறக்கியவன் நான். டிரைவர் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும், முதுகைத்தானே பார்த்திருப்பார்கள்.

அவள் வேலை பார்த்த வார்டுக்கு ஜன்னலே கிடையாது. கனத்த கதவு. அதைத் தாண்டினால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவும் தொட்டி. உள்ளே வரிசையாக மூடிபோட்ட கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் உயிர். பகலோ ராத்திரியோ, அங்கே ஒரே வெளிச்சம், ஒரே சூடு. டியூட்டி முடிந்து வரும்போது என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "மழையா பெஞ்சுது?" என்று கேட்பாள். வெளியில் என்ன நடக்கிறது என்பது அவளுக்கு என் சட்டையைப் பார்த்துத்தான் தெரியும்.

அவளிடம் ஒரு வார்த்தை உண்டு. "சரி, வை." வார்டில் யாராவது குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தால், பெட்டி காலி இல்லையென்றாலும் அதைத்தான் சொல்வாள். எப்படியாவது ஒரு பெட்டி பண்ணிவிடுவாளாம். என் அம்மா படுத்த படுக்கையாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அதேதான். அம்மாவின் பையை வாங்கிக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். அந்த வீட்டுச் சாவியை இவளிடம் கொடுப்பார்கள், இந்த வீட்டுக் குழந்தையை இவளிடம் விடுவார்கள், அவசரமாக ஊருக்குப் போகிறவர்கள் செடியைக்கூட இவள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். நான் கத்துவேன். "வச்சா என்னங்க, ஓடியா போகுது?" என்பாள். அதற்குமேல் நான் கத்தினால் எனக்குத்தான் தொண்டை வலி.

தனக்கென்று அவள் கேட்டு நான் காதால் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் வீடு மூன்றாவது மாடி. முன்னறையில் கிழக்கே பார்த்த ஒரு ஜன்னல். எதிரே இரண்டு பெரிய கட்டடங்கள், அவற்றின் நடுவில் ஓர் இடுக்கு. காலையில் கொஞ்ச நேரம் அந்த இடுக்கு வழியாக வெயில் வந்து ஜன்னலோரம் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விழும், பிறகு போய்விடும். அவள் வேலைக்குப் போன காலம் முழுக்க அந்த வெயில் வரும்போது ஒன்று வார்டில் இருப்பாள், இல்லையென்றால் ராத்திரி டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் தலை வாரிக்கொண்டே, "வேலை விட்டதும் அந்த வெயில்ல ஒரு சேர் போட்டு அக்கடான்னு உட்காரணுங்க. எதுவும் செய்யக்கூடாது" என்றாள். அந்த மூலையைத்தான் கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து பிடுங்கப் பார்த்தோம்.

ஓய்வு பெற்றதும் அவளே கடைக்குப் போய் ஒரு பிரம்பு நாற்காலி வாங்கினாள். கை வைத்தது, முதுகு சாய்ந்தது. மூன்று மாடி தூக்கி ஏற்றியவன் நான். அந்த இடுப்பு வலி இன்னும் இருக்கிறது, அது வேறு கதை. சில நாள் காலையில் உட்கார்ந்தாள். டீ ஆறிப்போயிருக்கும், கண்ணை மூடியிருப்பாள், வீங்கின கால் இரண்டும் வெயிலில் இருக்கும். அந்த நேரத்தில் எனக்குப் பசித்தால்கூட வாயைத் திறக்கவில்லை. டிவி சத்தத்தையும் குறைத்து வைத்துக்கொண்டேன். இதைவிட ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?

அதற்குள் மூக்கில் வியர்த்த மாதிரி வந்து நின்றாள் எங்கள் மகள். பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம். கம்பெனியில் அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. ஆறு மாதம் தூரத்து ஊருக்கு அனுப்புகிறார்களாம். கையில் பழுப்புக் காகிதம் சுற்றிய பிஸ்கட் டப்பா, மூடியில் ஓட்டைகள். திறந்தால் உள்ளே ஓர் ஆமைக்குட்டி. சட்டைப் பையில் போட்டால் தெரியாது, அவ்வளவுதான் அளவு. சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வளர்க்கிறாளாம். காகிதம் சுற்றி வந்ததால் பொட்டலம் என்று பேர் வைத்தேன். ஆசையினால் வைத்த பேர் இல்லை.

"அம்மா, ஆறே மாசம். ஒரு சின்ன டப்பா போதும் இதுக்கு. நீ சும்மாதானே இருக்கே?"

சும்மாதானே இருக்கே! எனக்கு சுர்ரென்று ஏறியது. 'உங்க அம்மா சும்மா இருக்கத்தாண்டி இத்தனை வருஷம் காத்திருந்தா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் என் வீட்டுக்காரி டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"சரி, வை."

மறுநாள் காலை வெயில் வந்தபோது அவள் நாற்காலியில் இல்லை. என்னையும் கிளப்பிக்கொண்டு மீன், பறவை விற்கும் கடை வாசலில் நின்றிருந்தாள். ஆமை வைக்க என்று கடைக்காரன் மூன்று விதம் எடுத்துக் காட்டினான். ஒன்று பிளாஸ்டிக் தொட்டி. எனக்கு அதுதான் பிடித்தது, ஆமை போன பிறகு துணி ஊற வைக்கலாம். இன்னொன்று நீளமான மரப்பெட்டி, மேலே திறந்தது. மூன்றாவது மூடி போட்ட கண்ணாடித் தொட்டி.

"ஆமைக்கு எல்லாரும் மரப்பெட்டிதான் கொண்டு போறாங்க" என்று ஆரம்பித்தான்.

"மூடியே இல்லையேப்பா. காத்தடிக்கும், தூசி விழும்" என்றாள் அவள். கண்ணாடித் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள். "உள்ள இருக்கிற உயிர் நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியணும். இது இருக்கட்டும்."

கடைக்காரன் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் தெர்மாமீட்டர் பார்க்க உள்ளே போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "என் பையனையே பொட்டியில வச்சுக் காப்பாத்துனவங்க சார். அவங்களுக்கு நான் பொட்டி சொல்லித் தர்றதா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெட்டி விஷயத்தில் அவளுக்கு மேலே யார் இருக்க முடியும்?

வீட்டுக்கு வந்து கொதிக்க வைத்த தண்ணீரில் தொட்டியைக் கழுவினாள். மண் போடவில்லை, மண்ணில் கிருமி என்று வெள்ளைத் துணி விரித்தாள். இந்தக் கோடியில் ஒரு பல்பு, அந்தக் கோடியில் ஒரு பல்பு, உள்ளே முழுக்க ஒரே சூடு. ஈரம் வேண்டும் என்று நனைத்த பஞ்சு. மேலே மூடி. முழங்கை வரை கழுவாமல் நான் கிட்டப் போகக்கூடாது. சமையலறைத் தராசில் குட்டியை எடை போட்டாள். அதில்தான் நாங்கள் மாவு நிறுப்பது, அதைக் கேட்க நாதி இல்லை. எல்லாம் முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"வெயிலும் படணுங்க குட்டிக்கு" என்றாள்.

வெயில் விழும் இடம் வீட்டில் ஒன்றுதான். தொட்டி ஜன்னல் மூலைக்குப் போயிற்று. பிரம்பு நாற்காலி பீரோ ஓரம் போயிற்று. சாயங்காலத்துக்குள் அதன்மேல் காய்ந்த துணி ஏறி உட்கார்ந்துவிட்டது.

"ஏம்மா, அந்த மூலை உனக்குன்னு..."

"இருக்கட்டுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' எனக்கு நன்றாகத் தெரியும். அது வந்ததே இல்லை.

பொட்டலம் முதலில் நாள் முழுக்க நடந்தது. நடந்து போய்க் கண்ணாடியில் முட்டும். முன்னங்காலால் பிறாண்டும், வழுக்கும், திரும்ப முட்டும். வெளியே ஜன்னல் தெரிகிறது, எங்கள் கால் தெரிகிறது, ஆனால் போக முடியவில்லை. அந்தப் பிறாண்டும் சத்தம் டிவியையும் மீறிக் கேட்டது. அப்புறம் முட்டுவது குறைந்தது. வைத்த இலை வைத்தபடி வாடியது. ஒரு மூலையில் கழுத்தை நீட்டித் தரையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியே கிடந்தது.

வார்டில் ஒரு குழந்தை துவண்டால் முதலில் சூடு பத்தவில்லையா என்றுதான் பார்ப்பார்களாம். இவள் பெரிய பல்பாக மாற்றினாள். அது இன்னும் துவண்டது. பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தாள், தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் கழுவி அடுக்கிய பாத்திரத்தை எல்லாம் எடுத்துத் திரும்பக் கழுவினாள். வார்டில் ஒரு குழந்தை தங்காமல் பெட்டி காலியாகிப் போன நாட்களில் வீட்டுக்கு வந்து அவள் செய்வது அதுதான். ஒன்றும் சொல்ல மாட்டாள், சுத்தமான பாத்திரத்தைத் தேய்ப்பாள். அந்த வேலை ஒழிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு பிஸ்கட் டப்பா வந்து அவளைத் திரும்ப டியூட்டியில் போட்டுவிட்டது.

"கிளம்பு. மாட்டு டாக்டர்கிட்ட காட்டிடுவோம்" என்றேன்.

மாட்டு டாக்டர் என்று நான்தான் சொன்னேன். அங்கே மாடே இல்லை. நாய், பூனை, கூண்டுக்குள் ஒரு கோபக்காரக் கிளி. டாக்டர் சின்னப் பெண், பாப்பா வயசுதான் இருக்கும். என் வீட்டுக்காரி டியூட்டி மாற்றும்போது ஒப்புவிக்கிற மாதிரி நேராக நின்று எல்லாம் சொன்னாள். எடை இவ்வளவு, சூடு இவ்வளவு, தின்றது இவ்வளவு, கழிந்தது இவ்வளவு. டாக்டர் பொறுமையாகக் கேட்டாள். பொட்டலத்தைத் திருப்பி வயிற்றுப் பக்கம் பார்த்தாள்.

"சூடு ஜாஸ்தியாச்சுன்னா இது எங்கம்மா போகும்?"

என் வீட்டுக்காரிக்குக் கேள்வியே புரியவில்லை. "அது எதுக்குப் போகணும்? எல்லா இடமும் ஒரே சூட்டுலதான் வச்சிருக்கேன்."

"குழந்தைக்கு அது சரி. ஆமைக்கு அப்படி இல்லம்மா. இது உடம்பு தானா சூட்டை உண்டாக்காது. குளிருச்சுன்னா சூடான பக்கம் நடந்து போகும், போதும்னா குளுமையான பக்கம் வந்துடும். ரெண்டு பக்கமும் இருக்கணும். எது வேணும்னு அதுவே எடுத்துக்கும். நாம ஒரே சூட்டுல பூட்டி வச்சா பாவம், தப்பிக்க இடமே இல்லாம துவண்டு போயிடும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூடி வேண்டாம், காற்று வேண்டும். பக்கம் மரமாக இருக்கட்டும். கண்ணாடி என்று அதற்குப் புரியாது, வழி என்று நினைத்து முட்டிக்கொண்டே இருக்கும். இப்போது குட்டியாக இருந்தாலும் நீளமான பெட்டியாக வேண்டும், அப்போதுதான் ஒரு கோடி சூடாகவும் மறு கோடி குளுமையாகவும் இருக்கும். கீழே லேசான ஈரத்தோடு மண், ஒளிந்துகொள்ள ஒரு சின்னக் கூரை, இறங்கி ஏறத் தட்டையான தட்டில் தண்ணீர். சூடான கோடியில் மட்டும் ஆமைக்கென்று விற்கிற விளக்கு.

"ஜன்னல் பக்கம் வச்சிருக்கோம், வெயில் படட்டும்னு" என்றாள் இவள்.

"ஐயோ, வேணவே வேணாம். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல இதுக்கு வேண்டியது கிடைக்காது. கண்ணாடித் தொட்டிய வெயில்ல வச்சா அடுப்பாயிடும். சுவர் ஓரமா எங்கயாவது வைங்க. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க, பொழைச்சுக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், மடியில் டப்பா. டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் தூக்கித் தூக்கிப் போட்டான், எனக்குக் கால் பரபரத்தது.

"ஏங்க."

"ம்."

"எந்தப் பக்கம் வேணும்னு ஆமையக்கூட அது இஷ்டத்துக்கு விடணுமாம்."

"ஆமா, சொன்னாங்களே."

"என்னை யாருங்க கேட்டா?"

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப்பிங் எது என்று கேட்கிற மாதிரி, ஓய்ந்துபோன குரலில் கேட்டாள்.

"அந்த வார்டுல நில்லுன்னாங்க, நின்னேன். உங்க அம்மாவக் கொண்டு வந்து விட்டாங்க, சரின்னேன். இவ டப்பாவ நீட்டினா, அதுக்கும் சரின்னேன். அந்த ஒரு மூலை இருந்துச்சு, அதையும் நானே தூக்கிக் குடுத்தேன். கடைசியில பாத்தா, அதுக்கு அந்த மூலையே வேணாமாம்."

அவள் அழவில்லை. டப்பா மூடியில் ஓட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். யார்மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது. கிடைத்தவன் மேல் காட்டினேன். "ஏம்பா, கிளட்சை மிதிச்சு கியரை மாத்துப்பா, உள்ள மனுஷங்க இருக்காங்க" என்று முன்னால் பார்த்துச் சத்தம் போட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

கடையில் அந்த மரப்பெட்டி விற்றுப் போயிருந்தது. வரவழைக்க நாளாகும் என்றான். வீட்டில் வந்து அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். நீளமான, உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியாத, மரத்தால் ஆன ஒன்று எங்கள் வீட்டில் இருக்கத்தான் இருந்தது. அதன்மேல் என் டிவி இருந்தது. நான் அந்தப் பக்கமே பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முடியாது என்று சண்டை போட்டிருக்கலாம்.

டிவியை இறக்கி முக்காலியில் வைத்தேன். அலமாரிக்குள் இருந்த பழைய பேப்பரையும் ஒயரையும் வாரிப் போட்டு, கதவு இரண்டையும் கழற்றி, நடுப்பலகையை உருவி, மல்லாக்கப் போட்டேன். மேலே திறந்த நீளப்பெட்டி தயார். உள்ளே கனமான பிளாஸ்டிக் விரித்து மண் கொட்டினோம். கூரைக்கு உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள். புது விளக்கை எந்தக் கோடியில் கட்டுவது என்று அவளைக் கேட்டேன். சமையலறைப் பக்கம் என்றாள். கட்டினேன்.

பொட்டலம் கொஞ்ச நேரம் போட்ட இடத்திலேயே கிடந்தது. பிறகு ஓட்டைத் தூக்கிக்கொண்டு விளக்குப் பக்கம் போயிற்று. அங்கே நின்றது. திரும்பிக் குளுமையான கோடிக்கு வந்து பூந்தொட்டிக்குள் நுழைந்து மண்ணில் பாதி புதைந்துகொண்டது. உள்ளே கையை விட்டு அதை எடுக்கலாமா என்று அவள் விரல் இரண்டு தடவை நீண்டது. இரண்டு தடவையும் தானே இழுத்துக்கொண்டாள். மறுநாள் அது இலையைக் கடித்தது. அவள் சமையலறையில் பாத்திரத்தைப் பாதி தேய்த்தபடியே போட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

நான் நாற்காலி மேலிருந்த துணியை எல்லாம் கட்டிலில் தள்ளிவிட்டு ஜன்னல் மூலைக்கு இழுத்து வந்தேன்.

"எந்தப் பக்கம் பாத்துப் போடட்டும்?"

அவள் நாற்காலியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். சாதாரணக் கேள்விதான், நாற்காலியை எப்படித் திருப்புவது என்பதற்கு இவ்வளவு யோசனையா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

"தெரியலைங்க" என்றாள். பிறகு, "வெளிய பாத்துப் போடுங்க" என்றாள்.

போட்டேன். ஆறு மாதம் முடியப்போகும் சமயத்தில், ஒருநாள் காலை, வெயில் இடுக்கில் வந்து அவள் கால்மேல் விழுந்திருந்த நேரத்தில் பாப்பா போன் செய்தாள். முகம் தெரிகிற போன். எழுந்து வாங்க வேண்டாம் என்று நான் போய் அவள் கையில் கொடுத்தேன்.

"அம்மா, நல்ல சேதி. என்னை இங்கயே ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்க. பொட்டலம் உங்கிட்டயே இருக்கட்டும், என்ன? அப்புறம் இங்க என் கூட இருக்கிற பொண்ணுகிட்ட இன்னொரு குட்டி இருக்கு, அவ வீடு மாத்தறா. அதையும் அனுப்பி விட்டுடறேன். ஒண்ணு பாக்கறதும் ரெண்டு பாக்கறதும் ஒண்ணுதானே உனக்கு?"

எனக்கு அடுத்து வரப்போகும் வார்த்தை தெரியும். எங்கே வைப்பது என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்; இனி என் கட்டில்தான் பாக்கி. அவள் வாய் அந்த வார்த்தைக்குத் திறந்ததையும் பார்த்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. பொட்டலம் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை, பாப்பா திரையில் அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, குரலே மாறிப்போய். "அப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

போனை என் கையில் கொடுத்துவிட்டு அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உட்கார்ந்திருக்கா" என்றேன்.